வேலை கசந்துபோனால்: பேசுவதற்கு முன்னும் பேப்பர் போடுவதற்கு முன்னும்

இரவு இரண்டே முக்கால் மணிக்கு, நான் வேலை செய்த மருத்துவமனை லேபில் ரத்தத்தைப் பரிசோதிக்கும் அனலைசர் ஓர் எண்ணைக் காட்டியது: பொட்டாசியம் 6.8. பெரியவர்களுக்கு ரத்தத்தில் இது ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். ஆறரையைத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் சாம்பிள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே வார்டுக்குப் போன் செய்துவிட வேண்டும் என்பது லேப் வேலையின் பாலபாடம். சாம்பிளை எடுத்துப் பார்த்தேன். ரத்த அணுக்கள் உடைந்து சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, சிவந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். இந்தச் சீரம் தெளிவாக இருந்தது. ஆக, எண் உண்மைதான். ஆனாலும் நான் போனை எடுக்கவில்லை. "இன்னும் நாலு சாம்பிள் இருக்கு, முடித்துவிட்டுச் சேர்த்தே சொல்லலாம்" என்று உட்கார்ந்திருந்தேன். 25 நிமிடம்.

அன்று எனக்குத் தொடர்ந்து ஆறாவது இரவு. டியூட்டி சார்ட்டில் முதலில் போட்டிருந்தது நான்கு இரவுதான். வெள்ளிக்கிழமை மாலை, ஒரு வார்த்தை கேட்காமல், அதை ஏழாக மாற்றி ஒட்டியிருந்தார்கள். பிறகு போன் செய்தேன். வார்டில் உடனே மருந்து ஏற்றினார்கள், நோயாளி பிழைத்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ரிசல்ட் வந்த நேரம் இயந்திரத்தில் இருந்தது. போன் செய்த நேரம் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது நான் ஒருத்தி மட்டும்தான்.

அதுவரை யாராவது கேட்டிருந்தால், "பிடிக்கலைதான், ஆனா பொறுத்துப் போறேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மையில் நான் பொறுத்துப் போகவில்லை. மேலிடத்தின் மேல் இருந்த கோபம், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நோயாளியின் மேல் போய் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

அதற்குப் பிறகு 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. கடைசி 9 ஆண்டுகளாக டியூட்டி சார்ட் போடுகிற நாற்காலியில் இருக்கிறேன். வேலை கசந்துபோன பலரைப் பார்த்துவிட்டேன். வேலை பிடிக்காமல் போகும்போது என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நீங்கள் இன்னும் எதுவும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே ஏதோ ஒன்றைச் செய்யத் தொடங்கியிருப்பீர்கள். அது என்னவென்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

கடந்த 14 நாளைப் பாருங்கள்

மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால் மனம் நமக்குச் சாதகமாகத்தான் பதில் சொல்லும். அதனால் நடந்ததைப் பாருங்கள். ஒரு தாளை எடுத்து, கடந்த இரண்டு வாரத்தில் நீங்கள் செய்தவற்றை எழுதுங்கள். எத்தனை நாள் தாமதமாக வந்தீர்கள்? முன்பெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்த எதை இப்போது ஒரு முறையோடு விட்டீர்கள்? "எனக்கென்ன வந்தது" என்று எத்தனை முறை நினைத்தீர்கள்? வேறு வேலை தேடினீர்களா? பிரச்சினையைச் சரிசெய்யக்கூடிய ஒருவரிடம் அதைச் சொன்னீர்களா, இல்லை சரிசெய்ய முடியாதவர்களிடம் மட்டும் சொல்லித் தீர்த்தீர்களா?

அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு உறைத்தது. டியூட்டி சார்ட்டைப் பற்றி நான் எட்டு வாரமாகப் புலம்பியிருந்தேன். கூட வேலை செய்தவர்களிடம், வீட்டில், தோழியிடம் போனில். சார்ட் போடுகிறவரிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை. பேசியது போன்ற களைப்பு மட்டும் இருந்தது.

மனிதர்கள் இந்த நிலையில் என்னென்ன செய்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் நான்கு வழிகளாகப் பிரிக்கிறார்கள். தொடக்கம் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர். 1915-இல் பெர்லினில் பிறந்து, 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர். ஒரு நிறுவனம் சீரழியும்போது அதைச் சார்ந்தவர்கள் ஒன்று விலகிப் போகிறார்கள், இல்லை குரல் கொடுக்கிறார்கள், இந்த இரண்டில் எதைத் தேர்வார்கள் என்பதை அவர்களுக்கு அதன் மேல் உள்ள பற்று தீர்மானிக்கிறது என்று 1970-இல் எழுதினார். 1983-இல் டேன் ஃபாரல் என்ற ஆய்வாளர் இதை வேலையிடத்துக்குக் கொண்டுவந்து நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்: அசட்டை. ஆளும் இருப்பார், வேலையும் ஏதோ நடக்கும், ஆனால் அக்கறை மட்டும் போயிருக்கும்.

ஆக வெளியேறுவது, பேசுவது, பற்றினால் நம்பிக்கையோடு காத்திருப்பது, அசட்டையாகிப் போவது. முதல் இரண்டும் செயல். பின் இரண்டும் சும்மா இருப்பது. பேசுவதும் காத்திருப்பதும் அந்த இடத்தோடு உள்ள உறவைக் காக்கும், மற்ற இரண்டும் அதை அறுக்கும். இதில் நான் கண்டது ஒன்று உண்டு. காத்திருப்பதும் அசட்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஆள் பேசாமல் இருப்பார். காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே ஒருவர் அசட்டைக்குள் இறங்கிவிடலாம், இறங்கிய படி எது என்று அவருக்கே தெரியாது. என் 25 நிமிடம் அப்படி வந்ததுதான்.

உங்கள் தாளில் இருப்பவற்றை இந்த நான்கில் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்டதில் ஏதாவது இருக்கும். காலையில் வேறு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு மதியம் மேலாளரிடம் யோசனை சொன்னவர்களை எனக்குத் தெரியும். அது குழப்பமில்லை, இயல்பு.

கசப்பது எது?

"வேலையே பிடிக்கலை" என்று சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது, உங்களாலும் முடியாது. உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் உடன் ஆய்வு செய்தவர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டார்கள்: வேலையில் மிக நன்றாக உணர்ந்த சமயம் எது, மிக மோசமாக உணர்ந்த சமயம் எது? 1959-இல் வெளிவந்த முடிவுகளில் இரண்டு பட்டியல்களும் வேறுவேறாக இருந்தன. மோசமான நினைவுகளில் விதிமுறைகள், மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல் போன்றவை வந்தன. நல்ல நினைவுகளில் ஒன்றைச் சாதித்தது, யாரோ அதைக் கவனித்துச் சொன்னது, வேலையே சுவையாக இருந்தது. நல்லது நடந்தால் தன்னால், கெட்டது நடந்தால் சூழலால் என்று சொல்வது மனித வழக்கம்தானே என்று பிறகு பலர் இந்த ஆய்வைக் கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என்றாலும் இரண்டு பக்கமாக எழுதிப் பார்ப்பது எனக்கு உதவியது.

இடது பக்கம் கசப்பவை, வலது பக்கம் வேலையை இனிக்க வைப்பவை. இடது பக்கம் எனக்கு நிறைய வந்தது: ஒட்டிய பிறகு மாறும் சார்ட், தொடர் இரவுகள், பழுதான குளிர்பதனப் பெட்டி. வலது பக்கத்தில், நான் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு எத்தனை நாளாயிற்று என்ற கேள்விக்கு எதிரே இரண்டு ஆண்டு என்று எழுதினேன். அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. சார்ட்டைச் சரிசெய்தால் கோபம் தணியும், ஆனால் வேலை இனிக்காது. அது வேறு பிரச்சினை, அதற்கு வேறு மருந்து. இரண்டையும் ஒரே பேச்சில் கொட்டினால் எதிரே இருப்பவர் சுலபமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்.

இந்தப் படிகள் பொருந்தாத இடங்கள்

அடி, மிரட்டல், பாலியல் தொந்தரவு, கொடுக்க வேண்டிய சம்பளத்தைப் பிடித்து வைப்பது, உயிருக்கு ஆபத்தான வேலைச் சூழல். இவற்றை அதிருப்தி என்ற சொல்லுக்குள் அடைக்காதீர்கள். இங்கே காத்திருப்பதற்கு இடமில்லை. தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று அன்றன்றே எழுதி, அதை வேலையிடத்துக்கு வெளியே வையுங்கள். உள்ளே புகார் வழி இருந்தால் அதில் எழுத்தாகக் கொடுங்கள். அங்கே நம்பிக்கை இல்லையென்றால் சங்கத்திடமோ தொழிலாளர் துறையிடமோ வழக்கறிஞரிடமோ நேரே போங்கள்.

உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடுமையான ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, வேலையிலிருந்து விலகி நிற்கும் தொழிலாளி அதற்காகப் பாதிக்கப்படக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 155, சொல்கிறது. வேலையிடத்து வன்முறைக்கும் தொந்தரவுக்கும் எதிராக 2019-இல் எண் 190 வந்தது. உங்கள் நாடு இவற்றை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "நீயும் கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று சொல்பவரிடம் இந்த விஷயத்தில் யோசனை கேட்காதீர்கள்.

பேசுவது எப்படி

என்னைப் போன்றவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். எனவே இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணுங்கள். நான் எட்டு வாரச் சார்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒட்டிய பிறகு எத்தனை முறை மாறியது என்று எண்ணினேன். மனதுக்குள் இருந்த எண்ணிக்கை "தினமும்". தாளில் வந்தது 11. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் அந்த 11-ஐ ஒவ்வொன்றாகப் பார்த்ததில் 9 மாற்றங்களுக்குக் காரணம் ஒன்றேதான்: சார்ட் ஒட்டிய பிறகு யாருக்கோ விடுமுறை அனுமதித்திருந்தார்கள். அதுவரை சார்ட் போடுகிற இன்சார்ஜுக்கு என் மேல் ஏதோ வன்மம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்ததும் அந்தக் கதை கழன்று விழுந்தது. விடுமுறை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இல்லை, அவ்வளவுதான். எண்ணுவதில் எனக்கு மிகப் பிடித்த பலன் இது. எதிரியாக நினைத்த ஒருவர், ஒழுங்கில்லாத ஓர் ஏற்பாட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் மனிதராக மாறிவிடுவார். எல்லா நேரமும் இப்படி வராது. சில நேரம் வன்மம் இருப்பதையே எண்ணிக்கை உறுதிப்படுத்தும். அப்போதும் உங்கள் கையில் தேதியோடு ஆதாரம் இருக்கும்.

அடுத்து, கேட்பதை அவரால் கொடுக்க முடிகிற ஒன்றாகச் சுருக்குங்கள். "ஆள் போதவில்லை, இன்னும் நாலு பேரை எடுங்கள்" என்றால் என் இன்சார்ஜ் கையை விரித்திருப்பார், அது அவர் கையில் இல்லை. "விடுமுறை விண்ணப்பங்களை 20-ஆம் தேதியோடு நிறுத்துவோம், 25-ஆம் தேதி சார்ட் ஒட்டுவோம், அதன் பிறகு மாற்றம் வேண்டுமானால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு மாற்றிக்கொள்ளட்டும்" என்பது அவர் கையில் இருந்தது. யாரிடம் பேசுவது என்பதற்கும் இதுதான் அளவுகோல்: "சரி" என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர்களில் உங்களுக்கு மிக அருகில் இருப்பவர். அவருக்கு மேலே தாவினால் பிரச்சினை தீரலாம். ஆனால் அவரோடுதான் நாளையும் வேலை செய்ய வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டுத் தாவுங்கள்.

நேரம் கேட்டு வாங்குங்கள். வழியில் நிறுத்திப் பேசாதீர்கள், இரவு டியூட்டி முடிந்த காலையில் பேசாதீர்கள். தூக்கமில்லாத தலையிலிருந்து வரும் நியாயமான சொல்கூடச் சண்டையாகத்தான் கேட்கும். நான் "சார், சார்ட் பற்றிப் பத்து நிமிஷம் பேசணும், நாளைக்கு எப்போ வரட்டும்?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று, அவரும் பழைய சார்ட்டுகளை எடுத்து வைத்திருந்தார்.

அன்று சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்: "சார், கடந்த எட்டு வாரத்தில் சார்ட் ஒட்டின பிறகு 11 தடவை மாறியிருக்கு. 9 தடவை விடுமுறையால. இரவு டியூட்டி திடீர்னு நீளும்போது எங்க வேலையில தப்பு வருது. எனக்கே வந்தது. 20-ஆம் தேதியோட விண்ணப்பத்தை நிறுத்தி ஒரு மாசம் பார்க்கலாமா?"

அவ்வளவுதான், நான்கைந்து வாக்கியம். "எனக்கே வந்தது" என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். 25 நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லலாமா என்று முந்தைய இரவெல்லாம் தவித்த விஷயம் அது. சொன்னதற்காக இன்றுவரை வருந்தவில்லை. என்றாலும் எல்லோருக்கும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். தவறை ஒப்புக்கொண்டவரைத் தண்டித்து மற்றவர்களை ஊமையாக்கும் இடங்கள் உண்டு. உங்கள் இடத்தில் கடைசியாகத் தவறைச் சொன்னவருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள், அதை வைத்து முடிவெடுங்கள். நோயாளியைப் பாதிக்கும் தவறு மட்டும் இதற்கு விலக்கு. அதை எங்கிருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஒரு மாதம் பார்க்கலாமா" என்பதை மறக்காதீர்கள். நிரந்தரமாக மாற்றச் சொன்னால் அதிகாரத்தில் இருப்பவர் பின்வாங்குவார். ஒரு மாதச் சோதனைக்கு மறுப்புச் சொல்வது அவருக்கும் சிரமம்.

பேசி முடித்த அன்றே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: "இன்று பேசியபடி, இந்த மாதம் 20-ஆம் தேதியோடு விண்ணப்பத்தை நிறுத்திப் பார்க்கலாம் என்றீர்கள். நன்றி. அடுத்த மாதம் 28-ஆம் தேதி எப்படி நடந்தது என்று வந்து சொல்கிறேன்." இதில் குற்றம் சாட்டும் தொனி துளியும் வேண்டாம். தேதி மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று. பிரச்சினை பலருடையது என்றால் தனியாகப் போகாதீர்கள். நான் தனியாகத்தான் போனேன், அது சரியான முறையல்ல. இன்சார்ஜ் நல்லவராக இருந்ததால் தப்பித்தேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, முன்பே பேசிவைத்து, ஒரே கோரிக்கையோடு போவது பாதுகாப்பானது. சங்கம் இருந்தால் அதன் வழியே போங்கள். ரிச்சர்ட் ஃப்ரீமன், ஜேம்ஸ் மெடாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கத் தொழிற்சங்கங்களை ஆராய்ந்து 1984-இல் காட்டிய முடிவு ஒன்று: சங்கம் உள்ள இடங்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைவு. சம்பள வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். பேச வழி இருந்தால் ஆட்கள் நிற்கிறார்கள்.

பாதி கிடைத்தால்

எனக்குப் பாதிதான் கிடைத்தது. 20-ஆம் தேதி விதி வந்தது. முதல் மாதமே மாற்றங்கள் இரண்டாகக் குறைந்தன. ஆனால் தொடர் இரவுகளை நான்குக்குள் நிறுத்த முடியாது, ஆள் இல்லை என்றார்.

மறுப்பிலும் வகை உண்டு. "இப்போது முடியாது, காரணம் இது" என்பது ஒன்று. "பார்க்கலாம்" என்பது இன்னொன்று. பேசியதற்காகவே உங்கள் மேல் முகம் சுளிப்பது மூன்றாவது. முதல் வகைக்கு காத்திருக்கலாம், ஆனால் தேதி வைத்துக் காத்திருங்கள். எதற்காகக் காத்திருக்கிறேன், எந்த நாள் வரை, அந்த நாளில் எது நடந்திருந்தால் தொடர்வேன் என்று மூன்றையும் எழுதி வைத்தால்தான் அது காத்திருப்பு. தேதி இல்லாவிட்டால் மெல்ல அசட்டையில் கொண்டுபோய் விட்டுவிடும். நான் மூன்று மாதம் என்று எழுதினேன். புது ஆள் வருவதாகச் சொன்னார்கள். மூன்று மாதம் ஆனது, வரவில்லை. ஒரு முறை நீட்டித்தேன், ஒரே ஒரு முறை. "பார்க்கலாம்" வகைக்கு நீங்களே தேதி கேளுங்கள்: "எப்போ வந்து கேட்கட்டும்?" மூன்றாவது வகைக்கு ஒன்றும் கேட்காமல் அடுத்த வேலையைத் தேடத் தொடங்குங்கள்.

அந்த நாட்களில் அசட்டை மறுபடியும் வந்தது. அதைத் தடுக்க ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டேன். என்ன நடந்தாலும் குறைத்துக்கொள்ளாத மூன்று வேலைகளை எழுதி லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்: ஆபத்தான ரிசல்ட்டுக்கு உடனே போன், சாம்பிள் லேபிளில் பெயரையும் எண்ணையும் இரண்டு முறை பார்ப்பது, அடுத்த ஷிப்டுக்கு முழுமையாக ஒப்படைப்பது. மற்றதில் அந்த மாதங்களில் கொஞ்சம் தொய்வு இருந்தது உண்மை. அதிகப்படியாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலைகளை விட்டேன், அழைக்காத கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினேன். அதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை. சம்பளத்துக்கு உரிய வேலையைச் சரியாகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போவது அசட்டை ஆகாது. உங்கள் தொழிலில் அந்த மூன்று எவை என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் தவறினால் மேலதிகாரிக்கு வலிக்காமல் வேறு யாருக்கோ வலிக்கும் வேலைகள் அவை.

கதவு திறந்திருக்கட்டும்

பேசுவதா போவதா என்று இரண்டையும் எதிரெதிராக வைத்துத் தவிக்கிறவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன், வேறு வேலை தேடுவது இங்கே பேசியதற்குத் துரோகம் என்று நினைத்தேன். ரஸ்பல்ட், ஃபாரல் முதலிய நால்வர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இதற்கு மாறானது. நல்ல மாற்று வேலை கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர்கள் வெளியேறுவது மட்டும் அதிகமாகவில்லை, பேசுவதும் அதிகமானது. யோசித்தால் புரிகிறது. போக இடம் இல்லாதவருக்கு வாயைத் திறப்பது பெரிய பந்தயம். இடம் இருப்பவருக்குத் தொண்டை அடைக்காது.

ஆகவே பேசுவதற்கு முன்பே கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தன்விவரத்தைப் புதுப்பியுங்கள். உங்கள் துறையில் இப்போது என்ன கேட்கிறார்கள் என்று இரண்டு நேர்காணலுக்காவது போய்ப் பாருங்கள். சில மாதச் செலவுக்குக் கையிருப்பு சேருங்கள். இது முடியாதவர்கள் உண்டு, கடனும் குடும்பமும் கழுத்தைப் பிடித்திருக்கும். அவர்களிடம் "தைரியமாகப் பேசுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு நான் சொல்வது, தனியாகப் பேசாதீர்கள் என்பதும், ஒரு புது வேலையைக் கற்றுக்கொள்வதில் முதலில் நேரத்தைப் போடுங்கள் என்பதும்தான்.

ஆனால் மாற்று இருப்பதை மிரட்டலாகக் காட்டாதீர்கள். "போயிடுவேன்" என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதற்கும் எடை இருக்காது.

பேப்பர் போடுவது

நான் பேசியதிலிருந்து 14-ஆவது மாதம் பேப்பர் போட்டேன். சார்ட்டால் அல்ல. வலது பக்கத்தில் எழுதிய "இரண்டு ஆண்டு" அப்போது மூன்றைத் தாண்டியிருந்தது.

போவதென்று முடிவானால் சுருக்கமாகச் செய்யுங்கள். அடுத்த இடத்தின் நியமனக் கடிதம் கைக்கு வரும் வரை இங்கே யாரிடமும் சொல்லாதீர்கள், நெருங்கிய தோழியிடம்கூட. ராஜினாமாக் கடிதத்தில் காரணம் எழுத வேண்டியதில்லை. கடைசி நாள் எது என்பது மட்டும் போதும். நோட்டீஸ் காலம், மீதமுள்ள விடுமுறைக்கான பணம், அனுபவச் சான்றிதழ் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோபத்தில் ஒரே நாளில் கிளம்பியவர்கள் இந்த மூன்றுக்காக மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் நேர்காணலில், நீங்கள் ஏற்கெனவே சொன்னதை மட்டும் மறுபடி சொல்லுங்கள். முன்பு சொல்லாத ஒன்றை அன்று கொட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

சார்ட் போடும் நாற்காலியிலிருந்து

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல மற்றவர்களுக்கு டியூட்டி போடுகிறவர்களும் இருப்பீர்கள்.

ஹிர்ஷ்மனுக்கு இந்த யோசனையே நைஜீரிய ரயில்வேயைப் பார்த்ததில் வந்தது. போட்டிக்கு லாரிகள் இருந்தும் ரயில் சேவை திருந்தவில்லை. ஏன் என்று யோசித்தார். சேவை மோசமானதும் முதலில் லாரிக்கு மாறியவர்கள், தரத்தில் மிகுந்த கவனம் உள்ளவர்கள். இருந்திருந்தால் சத்தம் போட்டிருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் போனதும் சத்தம் ஓய்ந்தது, நட்டத்தை அரசுக் கருவூலம் தாங்கிக்கொண்டதால் ரயில்வேக்கு அது உறைக்கவும் இல்லை.

பொறுப்புக்கு வந்த இரண்டாம் ஆண்டில் எனக்கும் இது நடந்தது. வாரம் ஒரு குறையோடு வந்து நிற்கும் ஒரு பெண் இருந்தாள். "அக்கா, இந்த ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான ரசாயனம்) குளிர்பதனத்தில வெப்பநிலை பதிவே இல்லை", "அக்கா, இரவு ஒப்படைப்பு நோட்டில பாதி காலி." எனக்குச் சலித்தது. "எல்லாம் தெரியும், பார்த்துக்கலாம்" என்பேன். பிறகு அவள் வருவது குறைந்தது. பரவாயில்லை, பழகிவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் பேப்பர் போட்டாள். வேறு எவரிடமிருந்தும் குறை வராமல் லேப் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் குளிர்பதனப் பெட்டி ஒரு வாரம் சூடேறிக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெட்டி ரீஏஜென்ட் முழுவதும் வீணானது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதைவிட, அங்கே பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். குறை வருவது நின்றால் நான் இப்போது நிம்மதி அடைவதில்லை, போய்க் கேட்கிறேன்.

கேட்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். "ஏதாவது பிரச்சினையா?" என்றால் எல்லோரும் "இல்லைக்கா" என்றுதான் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் 30-ஆம் நாள் உட்கார்ந்து, "இங்கே அர்த்தமில்லாமல் செய்கிறோம் என்று உனக்குத் தோன்றிய ஒரு வேலையைச் சொல்" என்று கேட்கிறேன். ஒன்று சொல்லும் வரை எழுந்து போவதில்லை. சொன்னதை அவர்கள் முன்னாலேயே நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதி போடுகிறேன். செய்ய முடிந்ததைச் செய்கிறேன். முடியாததை, ஏன் முடியாது என்று அந்தத் தேதிக்குள் போய்ச் சொல்லிவிடுகிறேன். கடந்த மாதம் ஒரு பையன், லேபிளை இரண்டு முறை பார்ப்பது எதற்கு, இயந்திரமே படித்துவிடுகிறதே என்று கேட்டான். அதை மாற்ற முடியாது என்று சொல்லி, அந்தப் பொட்டாசியம் 6.8 பற்றி அவனிடம் சொன்னேன்.